வீட்டுக்குப் பின்னால் காட்டுச் சூரியகாந்தி: வேரோடு பிடுங்கலாமா?

ஊவா டீச்சர்:
பண்டாரவளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மண்மேடு. ஆள் உயரத்துக்கு மேலே காட்டுச் சூரியகாந்தி அடைத்து நிற்கிறது. மேட்டின் அடியில் எங்களுடையதோடு சேர்த்து மூன்று வீடு. "இது வந்தேறிச் செடி, சனிக்கிழமை எல்லாரும் சேர்ந்து வேரோடு பிடுங்குவோம்" என்று தெருக்காரர்கள் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதல் பயம் ஐப்பசி மழை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தையில் மண் சரிந்ததை ஊவாவில் யாரால் மறக்க முடியும்? வேரைப் பிடுங்கிய மேடு மழைக்கு நிற்குமா? அப்புறம் அம்மா. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் இந்தத் தழையைக் கட்டுக் கட்டாக வெட்டித் தேயிலைக்கு உரமாகச் சுமந்தவர். "நல்ல செடியைப் போய் ஏன் பிடுங்குறீங்க" என்று இரண்டு நாளாகக் கேட்கிறார்.

ஒன்பதாம் தரப் பிள்ளைகளோடு போய் நாலு கம்பு நட்டு, நூல் கட்டி, ஒரு சதுர மீட்டரில் இருப்பதை எழுதிப் பார்த்தோம். சூரியகாந்தி, உண்ணிச்செடி, மூக்குத்திப்பூ, தொட்டாற்சுருங்கி. நாலுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் நாட்டில் இயல்பாக வளர்பவை என்று கண்டது வடிகான் ஓரத்து வல்லாரையும் இரண்டு தும்பைச் செடியும்தான். தும்பையைப் பார்க்கக் குனிந்து தேட வேண்டியிருந்தது. அவ்வளவு நிழல்.

என்ன செய்யட்டும்?

தலவாக்கலை வெளிக்கள உத்தியோகத்தர்:
டீச்சர், சனிக்கிழமை வேரில் கை வைக்க விடாதீர்கள். மழைக்கு முன்னால் சரிவு மண்ணைக் கிளறுவதுதான் பெரிய ஆபத்து. ஆனால் அப்படியே விட்டாலும் சரியில்லை. விதை காற்றிலும் தண்ணீரிலும் போய் அடுத்த மேட்டையும் பிடிக்கும்.

பூ விரிவதற்கு முன்னால் கத்தியால் தண்டை மட்டும் அடியில் வெட்டுங்கள். ஒரேயடியாக மேடு முழுக்க வெட்ட வேண்டாம், குறுக்கே பட்டை பட்டையாக வெட்டுங்கள். வெட்டின தண்டை ஈர மண்ணில் போட்டால் கணுவில் வேர்விட்டு மறுபடி எழும்பும். கல்லின் மேல் போட்டுக் காய விடுங்கள். இலையை மரக்கறிப் பாத்திக்குப் போடலாம். அம்மா சொல்வது சரி, தழைச்சத்து நிறைய உள்ள இலை. வெட்டின பட்டையில் மானாப்புல் நடுங்கள். தேயிலை மறுநடுகைக்கு முன்னால் மண்ணைத் தேற்ற நாங்களும் அதைத்தான் போடுகிறோம். மானா வேர் பிடித்த பிறகு அடுத்த பட்டைக்குப் போகலாம்.

அம்பாந்தோட்டையில் வேலை பார்க்கும் ஹட்டன்காரன்:
இங்கே கடலோரத்தில் இதே கதைதான், டீச்சர். வறண்ட மண்ணைக் காப்பாற்ற 1950களில் வேலிக்கருவையை நட்டார்கள். இன்றைக்குப் புந்தலவில் குளத்தோரம் வரைக்கும் முள்ளுக்காடு. 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவித்த இடம் அது. பறவை பார்க்கப் போனால் முள்ளைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்கள் மேட்டில் உண்ணிச்செடியையும் கவனியுங்கள். 1826இல் பேராதனைத் தாவரவியல் தோட்டம் வழியாக அழகுக்கு வந்த செடி. பழத்தைக் குருவி தின்று ஊரெல்லாம் விதைத்துவிட்டது.

மலைச்சாரல்:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? வெளிநாட்டுச் செடி எதுவாக இருந்தாலும் ஒழிக்க வேண்டியதுதான்.

ஊவா டீச்சர்:
மலைச்சாரல், அப்படிப் பார்த்தால் தேயிலையிலிருந்து தொடங்க வேண்டும். 1824இல் சீனாவிலிருந்து பேராதனைக்கு வந்தது அது. அதற்கு நிழல் தரும் சவுக்கும் (சில்வர் ஓக்), விறகுக்கு வெட்டும் டர்பன்டைன் மரமும் ஆஸ்திரேலியா. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கா. எங்கிருந்து வந்தது என்பதை விட, வந்த இடத்தில் மற்றதை வாழ விடுகிறதா என்றுதான் நான் பார்க்கிறேன். இந்தச் சூரியகாந்தி தும்பையை வாழ விடவில்லை. அதனால் வெட்டத்தான் போகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1948இல் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழரின் பேத்தி நான். 'வந்தேறி' என்ற சொல்லைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'பரவி நெருக்கும் செடி' என்று கொப்பியில் எழுதச் சொன்னேன்.

உத்தியோகத்தர் ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னதைத் தெருவில் வாசித்துக் காட்டினேன், வேரைத் தொடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்கள். நேற்றுப் பின்னேரம் கீழ்ப்பட்டையில் மட்டும் கொஞ்சம் வெட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு சாண் உயரத்தில், இரண்டு வரிசைப் பொடி இலையோடு ஒரு கன்று. கீழாநெல்லி என்று நினைத்தேன். அம்மா குனிந்து தண்டை விரலால் நெருடிப் பார்த்து, "இது மரம், நெல்லி" என்றார். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளில் தானாக முளைக்கும் நெல்லி, எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே! சனிக்கிழமை கத்தி பிடிப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று பக்கத்தில் ஒரு கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். நெல்லியைச் சுற்றி மானா நட்டால் எவ்வளவு தூரம் விட வேண்டும், ஐயா?

தலவாக்கலை வெளிக்கள உத்தியோகத்தர்:
மூன்று அடி விடுங்கள், டீச்சர். மானா வளர்ந்தால் அதுவும் நிழல் கட்டும், கன்றுப் பக்கம் சாய்வதை அடிக்கடி அரிந்துவிடுங்கள்.