புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஆண்கள் புற்றுநோய் ஓட்டம்: வேணுமா, வேணாமா?

முத்தியால்பேட்டை மாறன்:
நவம்பர் முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு ஓட்டம் வைக்கிறோம். காந்தி சிலையில் ஆரம்பம், போய்வந்து 3 கிலோமீட்டர். ஓட முடியாதவங்க நடக்கலாம். ஏழரைக்கு வண்டிகளை விட்டுடுவாங்க, அதுக்குள்ள முடிக்கணும். ஆளுக்கு 300 ரூபாய். டீ ஷர்ட் செலவு போக மிச்சம், வெளியூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து தங்குறவங்க சாப்பாட்டுக்கு. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழ இருக்கிற சுரப்பி), விதைப் புற்றுநோய் பத்தி ஆம்பளைங்க வாய் திறக்கணும். முடிவில் எல்லாருக்கும் இலவச பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் உண்டு, புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவுன்னு பார்க்கிறது.

மஞ்சக்குப்பம் செல்வம்:
மாறன் சார், நல்ல மனசுதான். ஆனா எனக்கு உடன்பாடில்ல. விடியக்காலம் ஓட வர்றவன் ஏற்கனவே உடம்பைப் பார்த்துக்கிறவன். இந்திய ஆண்களுக்கு அதிகம் வர்ற புற்றுநோய் வாயிலதான். கடலூரில் லோடுமேன்களோட தினம் வேலை பார்க்கிறேன். எங்க ஆள் ஒருத்தர், வயசு 34. பாக்கு போட்டுப் போட்டு வாயே திறக்கல. இட்லியைப் பிட்டு விரலால உள்ள தள்ளுறார். மூணு விரலைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள்ள விடுங்கன்னேன். ஒண்ணரை விரல் போச்சு, அதுக்கு மேல போகல. வாய் இப்படி இறுகினா பின்னாடி புற்றுநோயா மாறலாம். இவருக்கு உங்க ஓட்டம் என்ன செய்யும்?

முத்தியால்பேட்டை மாறன்:
வாய்ப் புற்றுநோயைக் குறைச்சுச் சொல்லல செல்வம். அதுக்காவது சிகரெட் அட்டையில் படம் போடுறாங்க. எங்க அப்பா எதனால போனார்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லவே எங்க வீட்டில ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரி நாலு தடவை எழுந்திருப்பார். அம்மா தூக்கம் கெடக்கூடாதுன்னு கட்டிலுக்கு அடியில மூடி போட்ட ஆயில் கேன் ஒண்ணு வச்சிருந்தார், விடியுறதுக்குள்ள அவரே கழுவி வெயில்ல கவிழ்த்துடுவார். ‘வயசானா அப்படித்தான்’னு சொல்லி முடிச்சிடுவார். இடுப்பு வலின்னு போனப்போ புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. அந்தக் கேனை நான் தினம் பார்த்தேன், ஒரு வார்த்தை கேட்கல. அதான் இந்த ஓட்டம்.

வார்டு அக்கா:
புற்றுநோய் வார்டில் வேலை பார்க்கிறேன். மாறன் தம்பி, அப்பாவை நினைச்சா மனசு கனக்குது. ஆனா நோட்டீசில் தப்பு வரக்கூடாது. ராத்திரி அடிக்கடி எழுறது பெரும்பாலும் வயசானா புராஸ்டேட் வீங்குறதால, புற்றுநோயால இல்ல. புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமலும் இருக்கும். எழுந்தா டாக்டரைப் பாருங்கன்னு போடுங்க, சிறுநீரில் ரத்தம் போனா உடனே பாருங்கன்னு போடுங்க. பயமுறுத்தாதீங்க.

இலவச பிஎஸ்ஏவை நிறுத்திடுங்க. இது என் கெஞ்சல். கிருமித்தொற்று இருந்தாலும் அந்த எண் ஏறும். ஏறினா பயாப்சி, அதாவது சதையைக் கொஞ்சம் எடுத்துச் சோதிக்கிறது, அப்புறம் ஆபரேஷன். பல புராஸ்டேட் கட்டிகள் மெதுவா வளரும், ஆயுசு முழுக்க ஒண்ணும் செய்யாது. அதுக்குப் போய் ஆபரேஷன் செஞ்சு சிறுநீரை அடக்க முடியாம தவிக்கிறவங்களைப் பார்த்திருக்கேன். 1970ல் அந்தப் புரதத்தைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆப்ளினே, எல்லாருக்கும் சோதிக்கிறது பெரும் கேடுன்னு 2010ல் எழுதினார். 55லிருந்து 69 வயசுக்காரங்க டாக்டரோட பேசி அவங்களே முடிவெடுக்கணும், 70க்கு மேல வழக்கமா சோதிக்க வேணாம்னு அமெரிக்க வழிகாட்டுதல் 2018ல் சொல்லுது. வரிசையில் நிக்கவச்சு ஊசி போடுற விஷயம் இல்ல இது.

லாஸ்பேட்டை தம்பி:
அண்ணே, நான் ஓடப் போறேன். வயசு 26. போன வருஷம் குளிக்கும்போது ஒரு பக்க விதையில் சின்னக் கட்டி, வலியே இல்ல. சித்தப்பா ‘ஓதம்டா, நம்ம ஊர்ல சகஜம்’னார். யானைக்கால் நோய் இருந்த ஊரில்லையா, வீக்கம்னாலே அந்தப் பேச்சுதான். மூணு மாசம் சும்மா இருந்தேன். கடைசியில் ஸ்கேன் எடுத்தா புற்றுநோய், அந்த விதையை எடுத்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன், இன்னொண்ணு இருந்தா குழந்தையும் பிறக்கலாம்னு டாக்டர் சொன்னார். 15லிருந்து 35 வயசுக்குள்ள அதிகம் வர்ற நோய் இது, பரவினாலும் பெரும்பாலும் குணமாகும். காலேஜ் பசங்க ஓட்டத்துக்குத்தான் வருவாங்க, செல்வம் அண்ணே. அவங்களுக்கு எவனும் சொல்லல.

மஞ்சக்குப்பம் செல்வம்:
தம்பி, நல்லா இரு. நீ சொன்னது எனக்குத் தெரியாது. சரி, பசங்களுக்கு ஓட்டம் வேணும்னு ஒத்துக்கிறேன். பேனரில் ‘ஆண்கள் நலம்’னு பூசி மெழுகாம ‘விதை’ன்னே போடுங்க. ஆனா என் ஆட்கள் வர மாட்டாங்க, அதில மாத்தமில்ல.

முத்தியால்பேட்டை மாறன்:
அக்கா, பிஎஸ்ஏவை எடுத்தாச்சு. அந்தப் பணமும் சாப்பாட்டுக்கே. பேனரில் ‘விதை’ வேணாம்னு எங்க குழுவில் ரெண்டு பேர் சண்டை போடுறாங்க, நான் விட மாட்டேன். ஆனா வாய்ப் புற்றுநோயை இதில் சேர்க்கல செல்வம். சேர்த்தா எல்லாரும் அதைப் பத்தியே பேசிட்டு இதை மறுபடி மறைச்சிடுவாங்க.

மஞ்சக்குப்பம் செல்வம்:
அது தப்புன்னுதான் இன்னும் சொல்றேன். நோட்டீசுக்குப் பின்பக்கம் சும்மாத்தானே இருக்கும்? அதில் மூணு விரல் படம் ஒண்ணு போட்டு 500 தாள் குடுங்க. மீன் படகு கரைக்கு வர்ற நேரத்துக்குத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில நானே நின்னு குடுக்கிறேன்.

முத்தியால்பேட்டை மாறன்:
பின்பக்கம் உங்களுக்கு. படத்தை வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க.