சுருக்கிய பிளஸ் கோடு (Plus Code) ஒன்றை முழுமையாக்க உதவி தேவை

வணக்கம். பினாங்கிலிருந்து தனித்து வாழும் முதியோருக்கு மளிகைப் பொருள் கொண்டு செல்லும் எங்கள் தன்னார்வக் குழுவுக்காக, பைத்தானில் ஒரு சிறு செயலியை எழுதி வருகிறேன். வாட்ஸ்அப்பில் எங்களுக்கு வரும் முகவரி பெரும்பாலும் சுருக்கிய பிளஸ் கோடுதான் (ஓர் இடத்தை எழுத்து, எண்களால் குறிக்கும் கூகுளின் இடக்குறியீடு): கூட்டல் குறிக்கு முன் நான்கு எழுத்து, பின் இரண்டோ மூன்றோ, அதையடுத்து ஊர்ப்பெயர். எந்த ஒரு பாகைக் கட்டம் என்பதைக் காட்டும், முழுக் குறியீட்டின் முதல் நான்கு எழுத்துகள் இதில் விடுபட்டிருப்பதால், அதே சுருக்கக் குறியீடு ஒவ்வொரு பாகைக்கும் திரும்ப வரும்; எனவே நாம் கொடுக்கும் ஆதாரப் புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகைக்கு மிக அருகில் பொருந்தும் இடத்தையே நிரல் திருப்பித் தருகிறது.

சிக்கல் இங்கேதான். ஜார்ஜ்டவுனை ஆதாரமாக வைத்தால் ஆயர் ஈத்தாம், பட்டர்வொர்த் வீடுகள் சரியாக வருகின்றன. தைப்பிங் வீடொன்றோ, அரை பாகைக்கு மேல் தெற்கே இருப்பதால், சரியாக ஒரு பாகை வடக்கே தள்ளி, கெடாவின் சிக் வட்டாரத்தில் போய் விழுந்தது. பிழைச்செய்தி எதுவும் வராததே என்னை அச்சுறுத்துகிறது. வண்டி பாதி வழி போன பிறகுதான் தவறு தெரியும்.

ஊர்ப்பெயர்களுக்கான ஆதாரப் புள்ளிகளைக் கைப்பட அட்டவணையாக்கி வைப்பது போதுமா, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவிலிருந்து எடுப்பது நல்லதா? ஒரே பெயரில் பல கம்போங்குகள் (மலாய்க் கிராமங்கள்) இருக்கும்போது எப்படிப் பிரித்தறிகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.