பரிசலில் இருந்து எடுத்த பறவைப் படங்கள் ஒன்றுகூட ஷார்ப்பாக இல்லை, எங்கே தப்பு?

கேள்வி (ஆம்பூர்)

வணக்கம். ஜனவரி நடுவில் இரண்டு நாள் தனியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போயிருந்தேன். கரையோரம் தெரிந்தவர் ஒருவரின் மாந்தோப்பில் அவரிடம் கேட்டுக்கொண்டு கூடாரம் போட்டேன். மீன் பிடிக்கும் அண்ணன் ஒருவர் காலையில் பரிசலில் கூட்டிப் போனார். தண்ணீர் நிறைய இருந்தது. கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, புள்ளிமூக்கு வாத்து எல்லாம் பார்த்தேன். இத்தனை நாளாக ஆசைப்பட்ட காட்சி.

ஆனால் வீட்டுக்கு வந்து கணினியில் திறந்து பார்த்தால் நானூறு படங்களில் பத்துகூடத் தேறவில்லை. கூழைக்கடாவின் கண் தெரியவில்லை, இறகு எல்லாம் மாவு போல இருக்கிறது. 150-600 லென்ஸை வாடகைக்கு எடுத்திருந்தேன். பெரும்பாலும் 600 மி.மீ. ஜூமில், 1/800 நொடி ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு எஃப் 6.3. பறவைகள் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தன என்று நினைக்கிறேன். வெயில் ஏறிய பிறகு எடுத்தவை மட்டுமல்ல, ஆறரை மணிக்கு எடுத்தவையும் அப்படித்தான். அதுதான் குழப்பமாக இருக்கிறது. லென்ஸ் கோளாறா, என் கை கோளாறா? மறுபடி வாடகை கொடுக்கும் முன் தெரிந்தால் நல்லது.

பதில் (வாலாஜா)

1/800 போதாது தம்பி. பரிசல் வட்டமாக இருப்பதால் ஒரு இடத்தில் நிற்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். துடுப்புப் போடும் ஒவ்வொரு முறையும் உங்கள் உடம்பும் ஆடும். 1/2000 வையுங்கள், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும். ஃபில்டர் ஏதாவது மாட்டியிருந்தீர்களா? மலிவான ஃபில்டர் 600-இல் படத்தைக் கெடுக்கும்.

கேள்வி கேட்டவர்

ஃபில்டர் இல்லை அண்ணா. சில படங்கள் 1/1600-இலும் எடுத்தேன், அவையும் மங்கல்தான்.

பதில் (குடியாத்தம்)

லென்ஸைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. வீட்டுச் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, பதினைந்து மீட்டர் தள்ளி, கேமராவை மேசை மேல் வைத்து, டைமர் போட்டு மாலை வெளிச்சத்தில் எடுங்கள். எழுத்து தெளிவாக வந்தால் லென்ஸ் சுத்தம்.

அப்புறம் ஏரியில் எடுத்த படங்களை நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். கை அசைந்திருந்தால் எல்லாக் கோடும் ஒரே திசையில் இழுபட்டு இரட்டையாகத் தெரியும். ஃபோகஸ் தவறியிருந்தால் பறவை மங்கலாக இருந்தாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள தண்ணீர்ச் சுருக்கமோ புல்லோ தெளிவாக இருக்கும். இரண்டும் இல்லாமல் படம் முழுக்க எங்குமே தெளிவு இல்லை, தொடர்ச்சியாக எடுத்த பத்தில் ஒவ்வொன்றிலும் அலகு கொஞ்சம் வேறு மாதிரி நெளிகிறது என்றால் அது கானல், அதாவது சூட்டு வித்தியாசத்தில் கலங்கும் காற்று. எந்த லென்ஸும் அதை சரி செய்ய முடியாது. உங்களுடையது எந்த வகை என்று சொல்லுங்கள், மேலே பேசலாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். இரவில் கேமராவை எங்கே வைத்தீர்கள்?

கேள்வி கேட்டவர்

செய்தித்தாள் சோதனை செய்தேன். வரி விளம்பரம் வரை படிக்க முடிகிறது. லென்ஸில் குறை இல்லை, மனசு நிம்மதியாச்சு. ஏரிப் படங்கள் நீங்கள் சொன்ன மூன்றாவது வகை. ஒரே கூழைக்கடா, ஒரே நொடி, ஐந்து படத்தில் ஐந்து அலகு.

பனி பிடிக்கும் என்று பயந்து கேமராவை கூடாரத்துக்குள் போர்வைக்கு அடியில் வைத்திருந்தேன். ஆறு மணிக்கு எடுத்துக்கொண்டு நேரே பரிசலில் ஏறினேன். ஆனால் காலையில் கானல் எப்படி வரும்? குளிர் நடுக்கிக்கொண்டிருந்தது.

பதில் (குடியாத்தம்)

குளிர்ந்ததால்தான் வந்தது. கானலுக்கு வெயில் வேண்டும் என்றில்லை, சூட்டு வித்தியாசம் இருந்தால் போதும். மார்கழி, தை விடியலில் காற்று சில்லென்று இருக்கும். ஏரித் தண்ணீர் பகல் சூட்டை இரவெல்லாம் பிடித்து வைத்திருக்கும். விடியலில் தண்ணீரில் கை விட்டால் வெதுவெதுப்பாக இருக்குமே, அதுதான். அந்தச் சூடு மேலே கிளம்பி, குளிர்ந்த காற்றோடு கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து வளைந்து வருகிறது. ஏரி மேல் புகை மாதிரி மூடுபனி பார்த்திருப்பீர்கள். அது கண்ணுக்குத் தெரியும் பகுதி. அது இல்லாத இடத்திலும் கலக்கல் இருக்கும். ஒன்பதரைக்கு மேல் வெயில் உறைக்க ஆரம்பித்ததும் வேறு காரணத்தால் அதே கதை.

பரிசலில் உட்கார்ந்தால் கண் தண்ணீரை ஒட்டி இருக்கிறது. படத்துக்கு அந்தக் கோணம் அழகு. ஆனால் நூறு மீட்டர் தூரமும் ஒளி அந்தக் கலங்கிய காற்றுக்குள்ளேயே வந்தாக வேண்டும். ஏரிக்கரை மேல் நின்றால் கோணம் உயர்ந்து இந்தத் தொல்லை கொஞ்சம் குறையும்.

போர்வை விஷயமும் சேர்ந்துவிட்டது. சூடான லென்ஸ் குளிரில் வந்தால் அதன் முன்னால் மாட்டும் ஹூடுக்குள்ளேயே காற்று கலங்கும். கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையோடு வெளியே வைத்துவிடுங்கள். மூடியும் ஹூடும் போட்டுப் பைக்குள் இருந்தால் பனி நேரடியாக விழாது. கூடாரத்துக்குள் மூச்சுக்காற்றின் ஈரம் நிறைய, அங்கே திறந்து வைக்காதீர்கள்.

மருந்து ஒன்றுதான்: தூரத்தைக் குறைப்பது. இருபத்தைந்து முப்பது மீட்டரில் இந்தக் கலக்கல் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது.

பதில் (சோளிங்கர்)

தூரத்தைக் குறைக்கிறேன் என்று பறவையை நோக்கி நேராகத் துடுப்புப் போடாதீங்க தம்பி, ஒரு அக்காவாகச் சொல்கிறேன். நேரே வரும் உருவத்தைப் பார்த்தால் எல்லாப் பறவையும் பயப்படும். நாரை கழுத்தை நிமிர்த்தி அசையாமல் நின்றால் அதுவே எச்சரிக்கை, அங்கேயே நிறுத்துங்கள். மறுபடி குனிந்து இரை தேட ஆரம்பித்தால் கொஞ்சம் நகரலாம்.

தண்ணீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூடு இருந்தால் கிட்டவே போக வேண்டாம். தாய் எழுந்து பறந்த ஐந்து நிமிடத்தில் காக்கை முட்டையைத் தூக்கிவிடும், குஞ்சு வெயிலில் வாடிவிடும். ஒரு படத்துக்காக அது நடக்கக் கூடாது.

பதில் (வாலாஜா)

கயிற்றில் கல் கட்டி இறக்கச் சொல்லுங்கள், பரிசல் சுற்றுவது குறையும். பழைய ஜீன்ஸ் கால் ஒன்றில் புளியங்கொட்டை நிரப்பித் தைத்து விளிம்பில் வைத்து அதன் மேல் லென்ஸை வைக்கலாம், துடுப்பு நின்ற பிறகு மட்டும். முக்காலி வேண்டாம், ஆட்டத்தை அப்படியே கேமராவுக்குக் கொண்டு வரும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். கலங்கல் (ஏரி நிறைந்தால் உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்து ஓடும் நாளில் அந்தப் பக்கமே வேண்டாம். தனியாகப் போகிறவர் என்பதால், எப்போது திரும்புவீர்கள் என்று தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி கேட்டவர்

சனி, ஞாயிறு மறுபடி போய் வந்தேன். ஐந்தரைக்கே பையை வெளியே வைத்துவிட்டேன். மூடுபனி கலையும் வரை கேமராவைத் தொடாமல் பறவைகளைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நாமக்கோழிகள் பக்கத்திலேயே மேய்ந்தன. ஏழே முக்கால் வாக்கில் காட்டாமணக்குப் புதர் ஓரமாகக் கல் இறக்கிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டோம். நாங்கள் போகவில்லை, அவை வந்தன. முக்கால் மணி நேரம் கழித்து நத்தைக்குத்தி நாரை ஒன்று இருபது மீட்டர் பக்கத்தில் இறங்கி நத்தையை எடுத்தது. மூடிய அலகின் நடுவில் இருக்கும் அந்த இடைவெளி, அதில் ஒட்டிய சேறு, எல்லாம் எண்ணி எடுக்கலாம் போல வந்திருக்கிறது. 1/2000, ஐஎஸ்ஓ 1250.

கூழைக்கடா மட்டும் இன்னும் தூரத்தில்தான். பரிசல் அண்ணன், மாலையில் வலை இழுக்கும் நேரத்தில் அவை தானாகக் கிட்டே வரும் என்கிறார். அடுத்த முறை மாலையில் போகிறேன்.