"குடும்பக் காரணம்" என்று எழுதித் தரச் சொல்கிறார்கள், முறைப்பாடு செய்வதா?

உப்புவெளி:
நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடமாகக் காசாளராக இருக்கிறேன். மாசி மாதம் நித்திரையே இல்லாமல், பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும் நிலைக்கு வந்துவிட்டேன். அப்பாவும் அம்மாவும்தான் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். மனச்சோர்வு என்று மருந்து தந்தார்கள், மூன்று கிழமை மெடிக்கல் லீவு. மேலாளர் என்ன வருத்தம் என்று கேட்டார், ஒளிக்காமல் சொன்னேன்.

திரும்பிப் போன அன்றே காசு லாச்சித் திறப்பை வாங்கிவிட்டார்கள். "உங்கட நிலைமைக்குக் காசுப் பொறுப்பு சரிவராது, லினன் அறையைப் பாருங்கோ." ஐந்து வருடத்தில் என் கணக்கில் ஒரு நாள்கூடத் துண்டு விழுந்ததில்லை. இப்போது துவாய் எண்ணுகிறேன். அந்த வேலை செய்கிற அக்காமார் என்னை நல்லாகத்தான் பார்க்கிறார்கள், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் மருந்து குடிக்கிறவள் கையில் காசு கொடுக்க ஏலாது என்பது ஹோட்டல் முழுக்கப் பரவிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஒரு கடிதம் அடித்து வைத்திருந்தார்கள். குடும்பக் காரணத்தால் நானாக விலகுகிறேனாம். கையெழுத்து வைத்தால் இரண்டு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருவார்களாம். திங்கள் வரை யோசிக்கச் சொன்னார்கள்.

தங்கச்சிக்குக் கலியாணம் பேசுகிற நேரம், என் வருத்தம் வெளியில் தெரியக் கூடாது என்று அம்மா அழுகிறார். அவர் பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் குடும்பம் எனக்கு என்ன கெடுதல் செய்தது? என்னைத் தூக்கி நிறுத்தியதே அவர்கள்தான். அவர்கள் மேல் பழியைப் போட்டுக் கையெழுத்து வைக்க மனம் வரவில்லை.

கிண்ணியா:
தங்கச்சி, முறைப்பாட்டைப் பற்றிப் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம். அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீங்கோ. தொழிற்சங்கத்தில் இருந்த காலத்தில் இதே "குடும்பக் காரணம்" கடிதங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

வேலையால் நிறுத்துவதைப் பற்றி 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்கப் போனால் காரணம் சொல்லியாக வேண்டும். அதனால்தான் உங்கள் கையெழுத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் விலை சொல்கிறார்கள்.

இன்னும் நிறுத்தவில்லை என்பதால், வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்கு இப்போது போக முடியாது. நிறுத்தினால் 6 மாதத்துக்குள் போக வேண்டும். திறப்பு வாங்கிய திகதி, யார் முன்னால் என்ன சொன்னார்கள், எல்லாவற்றையும் இன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கோ.

சீனக்குடா:
நான் கையெழுத்து வைத்தவன். வேறு இடம், இதே வருத்தம். அடுத்த நேர்முகத்தில் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். வாய் வரவில்லை.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது அரச நிர்வாகம் செய்த மீறல்களைப் பார்க்கிற இடம். தனியார் ஹோட்டல் என்றால் தொழில் திணைக்களம்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் வேலைக்கு எடுக்கும்போது காட்டும் பாகுபாட்டைத்தான் சொல்கிறது, வேலையில் இருப்பவரைக் கீழே இறக்குவதைப் பற்றிச் சொல்லவில்லை.

தங்கச்சி, இரவில் தாங்க முடியாவிட்டால் மனநல உதவித் தொலைபேசி 1926க்கு எடுங்கோ. நான் எடுத்திருக்கிறேன்.

உப்புவெளி:
இரண்டு அண்ணாமாருக்கும் நன்றி. இன்றைக்குக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னை ஏன் மாற்றினீர்கள் என்று எழுத்தில் தரச் சொல்லி நான் ஒரு கடிதம் கொடுத்தேன். மேலாளர் வாங்கவில்லை, அதனால் பதிவுத் தபாலில் போட்டேன். தொழில் திணைக்களத்துக்குப் போவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வியாழன் கிளினிக், டொக்டரிடம் வேலைக்குத் தகுதி என்று ஒரு கடிதம் கேட்கப் போகிறேன். அம்மாவும் வருகிறார்.