மூணாவது ஸ்பிரேயரும் போச்சு, இனி பேட்டரி ஸ்பிரேயர் வாங்கிடலாமா?

தொட்டிச்செடி:
வணக்கம் எல்லாருக்கும். மாடில ஒரு அம்பது தொட்டி இருக்கு, கத்தரி, வெண்டை, செம்பருத்தின்னு. மாவுப்பூச்சி தொல்லை தாங்கல, அதனால வாரம் ஒருக்கா வேப்பெண்ணெய் அடிக்கிறேன். வச்சிருக்கிறது 2 லிட்டர் கை ஸ்பிரேயர், மேல பம்ப் அடிச்சுட்டு கட்டைவிரலால அமுக்குற டைப். ரெண்டு வருஷத்துல மூணு மாத்தியாச்சு, மூணும் ஒரே கதைதான், மொத மாசம் புகை மாதிரி அழகா வரும், அப்புறம் ஒரு பக்கமா பீச்சும், அப்புறம் சொட்டு சொட்டா வடியும், கடைசில எவ்வளவு பம்ப் அடிச்சாலும் காத்தே நிக்காது. பேசாம 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் ஒண்ணு வாங்கிடலாமா? இன்னொரு பிளாஸ்டிக் ஸ்பிரேயர் வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போகணும்னு வீட்ல சொல்லிட்டாங்க.

பழைய வாஷர்:
அம்பது தொட்டிக்கு 16 லிட்டரா? தண்ணி மட்டுமே 16 கிலோ, டேங்க் பேட்டரி எல்லாம் சேத்தா 20ஐ தாண்டும், அதை முதுகுல மாட்டிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்க தெரியும். தோள்ல மாட்டுற 5 லிட்டர் பம்ப் டைப்பே உங்களுக்கு தாராளம். ஆனா வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, அடிச்சு முடிச்சதும் மிச்ச மருந்தை என்ன பண்றீங்க?

தொட்டிச்செடி:
அது வந்து... அடுத்த வாரத்துக்கு ஆகும்னு அப்படியே டேங்க்ல விட்டுடுவேன் அண்ணா. மருந்து வீணாகக் கூடாதுல்ல.

பழைய வாஷர்:
நெனச்சேன்! கலக்கி வச்ச வேப்பெண்ணெய் அன்னைக்கே தீந்துடணும். கொஞ்ச நேரத்துல எண்ணெய் பிரிஞ்சு மேல மிதக்கும், அதுல இருக்கிற சத்தும் தண்ணில நாளாக நாளாக கெட்டுப்போகும், அடுத்த வாரம் நீங்க அடிக்கிறது பாதி வெறும் சோப்புத்தண்ணி. பிரிஞ்ச எண்ணெய் ரப்பர்ல ஏறி வாஷர் ஊதிப்போகும், காத்து நிக்காததுக்கு அதுவும் காரணமா இருக்கலாம். உப்புத்தண்ணியா இருந்தா சோப்பு வேற அதோட சேந்து வெள்ளையா திரிஞ்சு சல்லடைல உக்காந்துக்கும். தேவையான அளவு மட்டும் கலக்குங்க, லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், மொதல்ல கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணில சோப்பு எண்ணெய் ரெண்டையும் பால் மாதிரி அடிச்சுட்டு அப்புறம் மீதி தண்ணி ஊத்துங்க.
முடிச்சதும் கவுத்துப் பிடிச்சு ட்ரிகரை அமுக்குனா மருந்து வராம காத்து மட்டும் போயிடும், அதுக்கப்புறம்தான் மூடியைத் திறக்கணும், இல்லன்னா மூஞ்சில தெறிக்கும். அப்புறம் சோப்புத்தண்ணி ஒரு தடவை, வெறும் தண்ணி ரெண்டு தடவை. டேங்கை அலசிக் கொட்டுனா பத்தாது, பம்ப் அடிச்சு நாசில், அதான் மருந்து பீச்சுற முனை, அது வழியா வெளிய வரணும். அந்தத் தண்ணியையும் செடிக்கே அடிச்சிடுங்க. மூடியைக் கழட்டி தலைகீழா காய வைங்க, அவ்வளவுதான்.
காத்து எங்க போகுதுன்னு பாக்கணும்னா வெறும் தண்ணி ஊத்தி பம்ப் அடிச்சுட்டு கழுத்தைச் சுத்தி சோப்பு நுரை தடவுங்க, முட்டை விடுற இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் ஓ-ரிங், அதான் காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம், அதை மாத்துனா சரியாயிடும், புதுசு போடும்போது சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு போடுங்க, சமையல் எண்ணெயை தடவித் தொலைக்காதீங்க.

நுனிக்கொம்பு:
ஒரு பக்கமா பீச்சுதுன்னா எனக்கு வேற சந்தேகம். நாசில் அடைச்சப்போ ஊசி போட்டு குத்துனீங்களா? உண்மையைச் சொல்லுங்க, நானும் குத்துனவன்தான் 😄 அந்த ஓட்டை ஒரு நூல் அகண்டாலும் போச்சு, அப்புறம் புகை வராது, ஊத்தும். கழட்டி வெந்நீர்ல ஊறப்போட்டு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சாலே போதும், உப்பு படிஞ்சிருந்தா வினிகர். வாயை வச்சு ஊதுறவங்களையும் பாத்திருக்கேன், மருந்து ஓடுன நாசில்ங்க அது!
இன்னொண்ணு, மாவுப்பூச்சி இலைக்கு அடிலயும் கணுவுலயும்தான் ஒளிஞ்சிருக்கும். நாசில் மேல பாத்து திரும்புற மாதிரி வளைஞ்ச லான்ஸ் (நாசிலை மாட்டுற நீளக் குழாய்) இருக்கிறதா வாங்குங்க, லிட்டர் கணக்கை விட அதுதான் முக்கியம்னு நான் சொல்லுவேன். உச்சி வெயில்ல அடிக்காதீங்க, இலை கருகும்.

களைக்காடு:
பேட்டரியை ஒரேயடியா வேணாம்னு சொல்லாதீங்கப்பா, மணிக்கட்டு வலி இருக்கிறவங்களுக்கு அதுதான் கதி, 5 லிட்டர்லயே கூட பேட்டரி வருது. ஆனா சார்ஜ் இறங்கின நிலைல மாசக்கணக்கா மூலைல போட்டா பேட்டரி செத்துடும், முக்கியமா லெட் ஆசிட்னா. டேங்க் காலியானதும் மோட்டரை ஓட விடவும் கூடாது.
நான் சொல்ல வந்தது வேற. களைக்கொல்லி அடிச்ச ஸ்பிரேயரை செடிக்குத் தொடவே தொடாதீங்க. நான் 2,4-டி அடிச்சதை நல்லா கழுவிட்டோம்னு நெனச்சு தக்காளிக்கு அடிச்சேன், நாலு நாள்ல குருத்தெல்லாம் கயிறு மாதிரி முறுக்கிக்கிச்சு, அந்த வருஷம் தக்காளியே இல்ல. இப்ப தனி டேங்க், மேல மார்க்கர்ல பெருசா எழுதி வச்சிருக்கேன்.

தொட்டிச்செடி:
நேத்து ராத்திரி உக்காந்து மூணாவதை முழுசா கழட்டுனேன். அடிக்குழாய் முனைல ஒரு சல்லடை இருக்கிறதே இப்பதான் தெரியுது, அதுல தயிர் மாதிரி வெள்ளையா ஒரு விரல் பிடி அப்பியிருந்துச்சு! கழுவிட்டு ஓ-ரிங்கை திருப்பிப் போட்டேன், காத்து நிக்குது. நாசில் மட்டும்... ஊக்கு போட்டு குத்துனேன்தான், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா ஓட்டை முட்டை வடிவத்துல இருக்கு. நாசில் மட்டும் தனியா கிடைக்குமா, மரை பொருந்துமா?

நுனிக்கொம்பு:
கிடைக்கும். ஆனா மரை எல்லாத்துக்கும் ஒண்ணு கிடையாது, பழசை கையோட கொண்டுபோய் திருகிப் பாத்து வாங்குங்க. வீட்ல கேட்டா நாசில்தான் வாங்குனேன், ஸ்பிரேயர் இல்லன்னு தைரியமா சொல்லலாம்.