பம்புசெட் குளியலும் எங்க அப்புச்சியும்

பழைய கிராமத்துப் படம் பாத்துட்டு அந்தக் காலத்துக்கு ஏங்கறதப் பத்தி மத்தவங்க போட்டதெல்லாம் படிச்சனுங்க, நம்ம கதை கொஞ்சம் வேற மாதிரி. போன பொங்கலுக்கு பொள்ளாச்சி பக்கம் அம்மா ஊருக்குப் போயிருந்தேன், டிவில ஒரு தொண்ணூறுகள் படம், டவுன்ல இருந்து பேண்ட் போட்டுட்டு வர்றவன் கெட்டவன், வேட்டி கட்டுனவன் நல்லவன்னு போகுமே அந்த டைப்பு. ஹீரோ பம்புசெட் தொட்டில குதிச்சு ஆட்டம் போடறாரு, நானும் சும்மா இல்லாம "அதெல்லாம் ஒரு காலம்"னு பெருமூச்சு விட்டுட்டேன். அப்புச்சிக்கு (அம்மாவோட அப்பா) 84 வயசு, பொக்கை வாய வெச்சுட்டு சிரிக்கறாரு.

"ஏனுங்க அப்புச்சி"ன்னு கேட்டா, "அந்த மோட்டாரு வந்ததுதான் கண்ணு எங்களுக்குப் புதுக்காலம்"ங்கறாரு.

அதுக்கு முன்ன கவலை (எருது பூட்டி கெணத்துத் தண்ணி எறைக்கறது) ஓட்டிருக்காரு. கோழி கூப்படறதுக்கு முன்னயே எருதுகளப் பூட்டி, வடக்கயித்து மேல ஏறி உக்காந்து பள்ளத்துல எறங்கோணும், சால் (தண்ணி மொள்ளற பெரிய பாத்திரம்) மேல வந்து தண்ணி கொட்டுனதும் எருதுகள பின்னுக்கே நடத்திட்டு மேல வரோணும், வெயில் ஏற்ற வரைக்கும் இதே பொழப்பு. கயித்து மேலயே தூங்கிருவாராம், எருதுகளே பாத்துக்குமாம். அஞ்சு எச்பி மோட்டார் மாட்டுன அன்னிக்கு கருப்பராயனுக்கு கெடா வெட்டிருக்காங்க. ஆனா எருதுகள சந்தைக்கு ஓட்டிட்டுப் போன அன்னிக்கு சோறு எறங்கலைன்னும் அவரேதான் சொன்னாரு.

இத்தனைக்கும் நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்டு 1932லயே வந்துருச்சு, தொழிலதிபருங்க ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரமும் 1937லயே கோயமுத்தூர்ல மோட்டார் செஞ்சுட்டாங்க, அப்புச்சி தோட்டத்துக்கு வர அறுபதுகள் கடைசி ஆயிருச்சு.

அந்தத் தொண்ணூறுகள் படங்க அப்பவே காலம் கெட்டுப்போச்சுன்னுதான் பொலம்புச்சு, இப்ப 2024ல வந்த மெய்யழகன் படம் 1996ல விட்டுட்டு வந்த ஊரத் தேடிப் போகுது (நான் அதுக்கு அழுதேன், அது வேற விசயம்). எம்பையன் பெருசானா நம்ம வாட்ஸப் குரூப்ப வெச்சு ஒரு படம் எடுப்பாங்களோ என்னமோ.

பேசிட்டே இருக்கறப்ப மூணு ஃபேஸ் கரண்டு வந்துருச்சு. அப்புச்சி செல்லுல மோட்டாருக்கு ரிங் விட்டு ஓட வெச்சாரு. தொள்ளாயிரம் அடி போர், தொட்டில விழுகற தண்ணி சுண்டுவெரல் மொத்தம். டிவில அந்தாளு இன்னும் குளிச்சு முடிக்கல.