எம்ஜி மிட்ஜெற் 1275: ஓடேக்க சூடேறுது, சூட்டோட திருப்பிப் பத்துதில்லை

மிட்ஜெற்70:
1970 எம்ஜி மிட்ஜெற் கார், 1275 சிசி, இரட்டை எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றர். எஞ்சின் இறக்கி ரிங், பெயாரிங் மாத்திப் பூட்டியாச்சு. டவுனுக்குள்ள ஊர்ந்து போகேக்க சூட்டு மானி ஊசி நடுவில நிக்குது. கண்டி வீதியில நாவற்குழி தாண்டி 80இல பிடிச்சா சாவகச்சேரி வாறதுக்குள்ள 100 பாகையைத் தொடுது. நிப்பாட்டிப் பத்து நிமிசத்தால ஸ்ராட் அடிச்சா எஞ்சின் சுத்துது, பத்துதில்லை. நல்லா ஆறவிட்டா உடன பத்துது. கராஜில தேமோஸ்ரற்றை (எஞ்சின் சூடேறுமட்டும் தண்ணியை ரேடியேற்றருக்குப் போகவிடாத வால்வ்) கழட்டி எறியச் சொல்லினம். செய்யலாமோ? ரேடியேற்றருக்கு ஊத்துறது வீட்டுக் கிணத்துத் தண்ணி.

வலிகாமத்தான்:
கடைசி வரியிலதான் விசயம் கிடக்கு. எங்கட நிலத்தடித் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாறது. கேத்தலுக்குள்ள பிடிக்கிற அதே வெள்ளைப் படை எஞ்சின் புளொக்குக்குள்ளயும் பிடிக்கும். நிண்டா சூடேறினால் ஃபான், பெல்ற், காத்தோட்டத்தைப் பாக்கவேணும். ஓட ஓட ஏறினால் பெரும்பாலும் தண்ணி ஓட்டம் அடைபட்டுக் கிடக்கு. ரிங் மாத்தேக்க புளொக்கின்ர தண்ணிப் பாதையை ஆரும் சுரண்டியிருக்க மாட்டினம்.

புளொக்கின்ர பின்பக்கத்து வடிகுழாயைத் திறந்து பாருங்கோ. தண்ணி வராட்டில் கம்பி விட்டுக் குத்துங்கோ. உங்கட மாதிரி ஏ-சீரிஸ் எஞ்சினில துருவும் கல்லும் கடைசியா நாலாம் சிலிண்டரைச் சுத்தித்தான் படியும், முதல்ல வேகிறதும் அதுதான். கட்டியாக் கிடந்தால் புளொக்கின்ர பக்கத்துத் துளையை மூடியிருக்கிற கோர் பிளக்கைக் கழட்டிச் சுரண்டி, புதுக் கோர் பிளக் அடிக்கவேணும். பழசைத் திருப்பி அடிச்சால் ஒழுகும்.

பிறகு தேமோஸ்ரற்றைக் கழட்டிவைச்சிட்டு, லீற்றருக்கு 50 கிராம் கணக்கில சிற்றிக் அசிட் கரைச்சு ஊத்தி, அரை மணித்தியாலம் சும்மா ஓடவிடுங்கோ. வடிச்சு, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைச்ச தண்ணியால ஒருக்கா, வெறுந்தண்ணியால தெளிவா வருமட்டும் கழுவுங்கோ. இரவு முழுக்க அசிட்டை விட்டிடாதேங்கோ, ரேடியேற்றர் ஈயப் பத்துகளை அரிக்கும். ரேடியேற்றரைக் கழட்டித் தலைகீழாப் பிடிச்சு, கீழ் வாயால தண்ணி அடிச்சால் வேற கழிவும் வரும். கடைசியா பற்றரிக்கு ஊத்துற காய்ச்சி வடிச்ச தண்ணியும் (அசிட் இல்லை) எதிலீன் கிளைக்கோல் கூலன்ற்றும். எங்களுக்கு உறைபனி இல்லைத்தான், ஆனா துருப்பிடிக்காமல் காக்கிற மருந்து அதுக்குள்ளதான் இருக்கு.

தேமோஸ்ரற்றை எறியவேண்டாம். 82 பாகையிலது ஒண்டு போடுங்கோ. அது இல்லாட்டில் காலமையில எஞ்சின் சூடேறப் பிந்தும், ஒயில் கறுத்துக் களியாகும், சிலிண்டர் தேயும். அடைப்பு மட்டும் அப்படியே கிடக்கும். தேமோஸ்ரற்றுக்குக் கீழ, சிலிண்டர் ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் நடுவில இருக்கிற குட்டி பைபாஸ் ஹோஸையும் இப்பவே மாத்துங்கோ. மடிப்பு மடிப்பா வாறதை வாங்கினால் பம்பைக் கழட்டாமலே நெரிச்சு உள்ளுக்கு விடலாம்.

ஜெற்_ஊசி:
அண்ணை சொன்னது சரி. ஆனா சூட்டோட பத்தாதது வேற வருத்தமாயும் இருக்கலாம். ஊகிக்காமல், பத்தாத அந்த நேரத்திலயே பாருங்கோ. ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, வயரோட சேத்து எஞ்சின் உடம்பில முட்டவைச்சுச் சுத்துங்கோ. பொறி இல்லாட்டில் டிஸ்ரிபியூற்றருக்குள்ள இருக்கிற கொண்டென்சர் அல்லது பொறிக்கு மின்சாரம் குடுக்கிற கொயில். இப்ப வாற கொண்டென்சர்கள் சூட்டில செத்து ஆறினதும் உயிர்க்கிறது வழக்கம். பழைய நல்லது கிடைச்சால் அதைப் பூட்டுங்கோ. டிஸ்ரிபியூற்றருக்குள்ள திறந்து மூடுற பொயின்ற்றின்ர இடைவெளி 0.35 முதல் 0.40 மிமீ.

பொறி இருந்தால் பெற்றோல். சுவிச் போட்டதும் பின்னாலை எஸ்யூ பெற்றோல் பம்ப் நாலைஞ்சு தரம் டிக் டிக் எண்டு அடிச்சு நிக்கவேணும். நிக்காமல் அடிச்சால் எங்கேயோ காத்து இழுக்குது, அல்லது குழாய்க்குள்ள பெற்றோல் ஆவியாயிட்டுது. இந்த எஞ்சினில காபரேற்றரும் சைலென்சர் மனிஃபோல்டும் ஒரே பக்கம். நடுவில சூட்டை மறைக்கிற தகரத் தடுப்பும் சூடு கடத்தாத தடிப்பான ஸ்பேசரும் இருக்கவேணும். எஞ்சின் இறக்கி ஏத்தின கார்களில முதல் காணாமல் போறது அந்தத் தகரம்தான்!

காத்தோட கலக்கிற பெற்றோல் குறைஞ்சு கலவை மெலிஞ்சாலும் சூடேறும். எஞ்சின் சூடான பிறகு காபரேற்றர் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைய உயர்த்துங்கோ. வேகம் ஏறி அப்படியே நிண்டால் பெற்றோல் கூட, எஞ்சின் நிண்டால் குறைவு, கொஞ்சம் ஏறி இறங்கினால் சரி. காபரேற்றருக்கு அடியில இருக்கிற ஜெற் நட்டைக் கீழ இறக்கினால் பெற்றோல் கூடும். காபரேற்றரின்ர தலையில ஒயில் ஊத்துற டாஷ்பொட்டுக்கு 20டபிள்யூ50 எஞ்சின் ஒயில் காணும். திரொட்டில் தண்டு ஆடினால் எந்தச் செற்றிங்கும் நிக்காது, முதல் அதைப் பாருங்கோ.

ஒக்ரேன் 95 அடிக்கிறது நல்லது. அழுத்த விகிதம் 8.8, 92இல ஏத்தத்தில தட்டும்.

மிட்ஜெற்70:
தகரம் இல்லை! ஸ்பேசரும் மெல்லிசு. வடிகுழாயால ஒரு சொட்டும் வரேல்லை, கம்பியும் போகுதில்லை. ஹெட்டைக் கழட்டித்தான் சுரண்டவேணும் போல. ஒரு மொறிஸ் மைனர் 1000 சாமான் கழட்டி விக்கினம், ஹெட் காஸ்கெற், டிஸ்ரிபியூற்றர் மூடி எல்லாம் அதில எடுக்கலாமோ?

வலிகாமத்தான்:
மூடி, றோட்டர், பொயின்ற் பொருந்தும், ரெண்டிலயும் லூக்காஸ் 25டி4 டிஸ்ரிபியூற்றர் இருந்தால். பேர்த்தட்டை வாசிச்சு வாங்குங்கோ. ஹெட் காஸ்கெற் வேண்டவே வேண்டாம். மைனரில வாற 1098 சிசி எஞ்சினின்ர சிலிண்டர் துளை 64.6 மிமீ, உங்கடது 70.6. காஸ்கெற் விளிம்பு சிலிண்டருக்குள்ள நீட்டிக்கொண்டு நிண்டு எரிஞ்சுபோகும். 1275இன்ர காஸ்கெற்றையே எடுப்பியுங்கோ. ஹெட் கழண்ட கையோட எக்சோஸ்ற் வால்வ் இருக்கையளையும் பாருங்கோ, ஈயம் இல்லாத பெற்றோலுக்கு உறுதியான இருக்கை அடிக்க இதுதான் நேரம். பூட்டினபிறகு வால்வ் இடைவெளி ஆறின எஞ்சினில 0.30 மிமீ. எட்டாம் வால்வ் முழுக்கத் திறந்து நிக்கேக்க முதலாவதைச் செற் பண்ணுங்கோ, ஆறாவது திறக்கேக்க மூண்டாவதை. ரெண்டு வால்வின்ர இலக்கத்தையும் கூட்டினால் எப்பவும் ஒன்பது வரும்.